ஏரிக்கரையில் மரம் நிற்கலாமா? சிறு மண் அணைகள் பற்றி வாசகர் கேள்விகள்

படகு விட, தூண்டில் போட, காலாற நடக்க என்று வைத்திருக்கும் சிறு ஏரிகளின் மண் அணைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 3 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை உயரமுள்ள கரைகளை மனத்தில் வைத்தே அளவுகளைச் சொல்லியிருக்கிறோம். நீர் நிற்கும் பக்கம் உள்சரிவு, மறுபக்கம் வெளிச்சரிவு, வெளிச்சரிவு தரையைத் தொடும் இடம் அடிவாரம். உபரி நீர் வழிந்து வெளியேறும் தாழ்ந்த பகுதி கலிங்கு, வேண்டும்போது திறந்து நீரை இறக்கும் வழி மதகு.

கேள்வி: எங்கள் ஏரிக்கரையின் வெளிச்சரிவில் 30 வயதுள்ள மரங்கள் வரிசையாக நிற்கின்றன. வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, வெட்டினால் கரை போய்விடும் என்கிறார்கள் பலர். ஆய்வுக்கு வந்த பொறியாளரோ வெட்டச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பொறியாளர் பேச்சை. மலைச்சரிவில் வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலைச்சரிவுக்குப் பின்னால் ஒரு ஏரி அழுத்திக்கொண்டு நிற்பதில்லை. அணையில் வேர் செய்யும் கெடுதல் அது உயிரோடு இருக்கும்போது தெரியாது. மரம் செத்தபின் வேர் மட்கி, அது இருந்த இடம் வெற்றுக் குழாயாகிவிடும். உள்சரிவு மரத்தின் வேரும் வெளிச்சரிவு மரத்தின் வேரும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால், நீர் கரைக்குள் கடக்க வேண்டிய தூரம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது காற்று. பெரிய மரம் சாயும்போது வேர்க்கட்டியோடு 2, 3 மீட்டர் அகலத்துக்கு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு விழும். உச்சி அகலமே 4 மீட்டர் உள்ள கரையில் இது சின்ன சேதம் அல்ல. மரம் சாயும் நாள் பெரும்பாலும் புயல் நாள், அதாவது ஏரி நிரம்பியிருக்கும் நாள். இது போக, நிழலில் புல் முளைக்காது. புல் இல்லாத சரிவில் மழைநீர் ஓடை பறிக்கும். புதருக்குள் கசிவோ எலி வளையோ இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. எங்களைக் கேட்டால், இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே மரத்தை எடுக்கப் போதும்.

வெட்டுவதிலும் முறை இருக்கிறது. அடிமரம் 10 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் தரையோடு அறுத்துவிட்டுப் புல்லை வளர விடலாம். 15 செ.மீ.க்கு மேல் போனால் அறுத்து விடுவது வேலையைப் பாதியில் நிறுத்துவதுதான். அடிக்கட்டையையும் விரல் பருமனுக்கு மேற்பட்ட வேர்களையும் தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் ஏரி மட்டத்தைத் தோண்டும் குழியின் அடிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். நீர் நிரம்பி நிற்கும் கரையில் குழி தோண்டக் கூடாது. குழியின் பக்கங்களைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக வெட்டி, கரையில் உள்ள அதே வகை மண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஈரப்பதம் பார்த்து இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வெளிச்சரிவின் கீழ்ப்பகுதியில் தோண்டினால் மண்ணுக்கு முன் மணல் வடிகட்டி போட வேண்டி வரலாம். அதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா மரத்தையும் ஒரே நாளில் எடுக்க நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அடிவாரத்திலிருந்து 7, 8 மீட்டர் வரைக்கும் மரம் இல்லாத பட்டை இருக்க வேண்டும். ஏற்கெனவே அடிக்கட்டையை விட்டுவிட்டு வெட்டிய மரங்கள் இருந்தால், அவை இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, வெட்டிய ஆண்டையும் எழுதி வையுங்கள். வேர் மட்கச் சில ஆண்டுகள் ஆகும். கசிவு வந்தால் அப்போதுதான் வரும்.

கேள்வி: அடிவாரத்தில் ஓர் இடம் கோடையிலும் ஈரமாகவே இருக்கிறது. கோரை முளைத்திருக்கிறது. ஏரி கசிகிறதா? பயப்பட வேண்டுமா?

பதில்: கசிகிறது. கசியாத மண் கரை என்று ஒன்று கிடையாது. எவ்வளவு வருகிறது, தெளிவாக வருகிறதா, கூடிக்கொண்டு போகிறதா என்ற மூன்றையும் பார்த்துத்தான் பயப்படுவதா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

முதலில் தெளிவு. கசிவு ஓடி வரும் இடத்தில், தரையைக் கலக்காமல் ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் நீர் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால் கரையின் உள்ளிருந்து மண் வெளியே போகிறது என்று பொருள். மழை பெய்த நாளில் எடுத்த நீர் இந்தச் சோதனைக்கு உதவாது. செந்நிறப் படலம் கண்டு பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது மண்ணிலுள்ள இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகப் படிவது. மண் போவதற்கு அது சான்று அல்ல.

அடுத்தது அளவு. கசிவைச் சின்ன வாய்க்காலில் திரட்டி ஒரு குழாய் வழியே விழச் செய்தால் வாளியும் கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர். கசிவு அதற்கும் பெரிது என்றால் 90 பாகைக்கு வி வடிவில் வெட்டிய தகட்டை வாய்க்காலின் குறுக்கே நிறுத்துங்கள். தகட்டுக்குச் சற்றுப் பின்னால், வெட்டின் அடி முனையிலிருந்து நீர் 5 செ.மீ. உயரம் நின்றால் விநாடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர். 7.5 செ.மீ. என்றால் 2.1 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுவதைக் கவனியுங்கள். அளவுகோலில் ஒரு செ.மீ. ஏறியிருக்கிறது என்று அலட்சியமாக விட முடியாது.

ஒவ்வொரு முறையும் தேதி, ஏரி மட்டம், கசிவளவு, முந்தின இரண்டு நாள் மழை ஆகிய நான்கையும் சேர்த்தே எழுத வேண்டும். ஏரி மட்டம் ஏறும்போது கசிவு கூடுவதும் இறங்கும்போது குறைவதும் இயல்பு. ஏரி அதே மட்டத்தில் நிற்கக் கசிவு மட்டும் கூடினால், மண்ணுக்குள் வழி அகலமாகிறது. திடீரென்று குறைந்தாலும் மகிழ வேண்டாம். வடிகால் அடைத்திருக்கலாம், அல்லது நீர் வேறு இடத்தில் வாய் திறந்திருக்கலாம்.

இடமும் முக்கியம். அடிவாரத்தில் பரவலாக ஈரம் இருப்பதைவிட, வெளிச்சரிவின் நடு உயரத்தில் ஈரம் வருவது மோசம். மதகுக் குழாயை ஒட்டி வருவது அதைவிட மோசம். மணலைப் புரட்டிக்கொண்டு குமிழியிடும் ஊற்று, சுற்றிலும் மணல் வளையத்தோடு தெரிந்தால் அன்றே பொறியாளரை வரவழைக்க வேண்டும். நீர் வெளியேறும் முனையில் முதலில் மண்துகள் விடுபடும். அங்கே உண்டாகும் பொந்து பின்னோக்கி ஏரிப்பக்கம் வளரும். வளர வளர நீரின் பாதை குறுகி, வேகம் கூடி, அரிப்பும் கூடும். கடைசிக் கட்டம் மாதக் கணக்கில் நடப்பதல்ல, மணிக்கணக்கில் முடிந்துவிடும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயரமிருந்த டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவு கண்ணில் பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. 5 மீட்டர் கரையில் நீர் கடக்க வேண்டிய தூரம் இன்னும் குறைவு.

கசியும் வாயைக் களிமண் வைத்தோ சிமென்ட் பூசியோ அடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செய்யக் கூடாதது அதுவே. வாயை அடைத்தால் கரைக்குள் நீர்மட்டம் ஏறி, இன்னும் உயரத்தில் வேறு வாய் திறக்கும். நீர் வெளியேற வேண்டும், மண் உள்ளேயே நிற்க வேண்டும். அதற்கு வடிகட்டி: முதலில் சுத்தமான மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கனத்துக்குக் கல், ஒவ்வொன்றும் 20 முதல் 30 செ.மீ. கல்லை நேரே மண்மேல் கொட்டினால் இடுக்கு வழியே மண் போய்விடும். எந்த மண்ணுக்கு எந்த மணல் என்பதற்குச் சல்லடைச் சோதனை உண்டு. வடிகட்டி மணலில் எடைப்படி 15 விழுக்காடு எந்த அளவைவிடப் பொடியாக இருக்கிறதோ, அந்த அளவு கரை மண்ணில் 85 விழுக்காட்டுக்கான அளவைப்போல் 4, 5 மடங்குக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: படகுக்கு ஆழம் போதவில்லை. கலிங்கின் மேல் 30 செ.மீ. பலகை வைத்து நீரைத் தேக்கலாமா? மீன் தப்பாமல் அங்கே வலையும் கட்ட நினைக்கிறோம்.

பதில்: இரண்டும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கலிங்கின் நீளம் 10 மீட்டர், அதன் தளத்துக்கும் கரை உச்சிக்கும் இடையில் 90 செ.மீ. என்று வைப்போம். அலைக்கும் கரை அமுங்குவதற்கும் 30 செ.மீ. ஒதுக்கினால், கலிங்கின் மேல் 60 செ.மீ. ஆழத்துக்கு நீர் போகலாம். அகன்ற தளமுள்ள கலிங்கில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெளியேறும் நீர், மீட்டரில் எடுத்த ஆழத்தின் ஒன்றரை அடுக்கை 1.7-ஆல் பெருக்கினால் வரும். 60 செ.மீ.க்கு இது விநாடிக்கு 0.79 கன மீட்டர். 10 மீட்டருக்கு 7.9 கன மீட்டர். பலகை வைத்தபின் மிஞ்சுவது 30 செ.மீ. ஆழம். அப்போது மொத்தமே 2.8 கன மீட்டர்தான் போகும். ஏரியில் ஒரு சாண் கொஞ்சத்துக்கு மேல் நீர் கூடியதற்கு விலை, கலிங்கின் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை கொட்டி, அதில் பாதி ஓடி வந்தால் விநாடிக்கு 8.3 கன மீட்டர் ஏரிக்குள் வரும். பலகை இல்லாத கலிங்கே இதற்குத் திணறும். பலகை இருந்தால் மீதி கரை உச்சி வழியாகத்தான் போகும். அப்படிப் போகும் நீர் உச்சி நெடுகிலும் சமமாகப் பரவாது. எங்கே பள்ளமோ அங்கே சேரும். வெளிச்சரிவின் அடியில் முதலில் குழி பறித்து, அந்தக் குழி படிப்படியாக மேலேறி உச்சியைத் தின்னும். உடைந்த மண் அணைகளில் ஏறக்குறைய பாதி இப்படி நீர் மேலேறியே உடைந்தவை. மீதியில் பெரும்பங்கு உள்ளரிப்பு, அதாவது கசிவு கரையை உள்ளிருந்து அரித்ததால் உடைந்தவை.

பென்சில்வேனியாவின் சவுத் போர்க் அணை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை மன்றம் ஒன்று பொழுதுபோக்குக்காக வைத்திருந்த ஏரி அது. நீரை இறக்கும் இரும்புக் குழாய்களை முன்பிருந்த உரிமையாளர் பிடுங்கி விற்றிருந்தார். குதிரை வண்டி போக வசதியாக மன்றம் கரை உச்சியைத் தாழ்த்தியது. மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தது. 1889 மே 31 பெருமழையில் அந்தத் தடுப்பில் குப்பை அடைத்தது. நீரை இறக்கவும் வழியில்லை. நீர் கரைமேல் ஏறி அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் பகுதியில் இறந்தவர்கள் 2,209 பேர்.

உங்களுக்கு ஆழம்தான் வேண்டும் என்றால் ஏரியைத் தூர்வாருங்கள். உள்சரிவின் அடியை ஒட்டித் தோண்ட வேண்டாம், கரை பிடிமானம் இழக்கும். தரையில் இயற்கையாக உள்ள களிமண் படுகையைக் கிழித்து மணல்வரை போய்விடவும் வேண்டாம். அள்ளிய சேற்றைக் கரைமேல் கொட்டாதீர்கள். மீன் கொஞ்சம் போனால் போகட்டும்.

கேள்வி: மதகுக் குழாய் 1980களில் போட்ட நெளிதகட்டு இரும்புக் குழாய். அதற்கு நேர் மேலே கரையில் சின்னப் பள்ளம் விழுந்தது. மண் கொட்டி மூடினோம். ஒரே மழையில் மறுபடி இறங்கிவிட்டது.

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் அவசரமானது இதுதான். நீங்கள் கொட்டிய மண் குழாயில் உள்ள ஓட்டை வழியே ஓடையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இனி மண் கொட்டாதீர்கள். பள்ளத்தைக் கயிறு கட்டி ஒதுக்கி, யாரும் மேலே நிற்காமல் பாருங்கள். அடியில் வெற்றிடம் எவ்வளவு பெரிது என்று மேலிருந்து தெரியாது. ஏரியைப் படிப்படியாக இறக்கத் தொடங்குங்கள். குழாய்க்குள் ஆளை அனுப்பாமல் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெளிதகட்டுக் குழாய்க்கு ஆயுள் பொதுவாக 25 முதல் 40 ஆண்டு. முதலில் அடிப்பாகம் துருப்பிடித்துப் போகும். இணைப்புகள் விலகினாலும் இதே விளைவுதான். ஓட்டையே இல்லாமலும் ஆபத்து வரும். குழாயின் வயிற்றுக்கு அடியில் மண்ணைச் சரியாக இடிக்க முடியாது. அந்த இளகிய பட்டை வழியே நீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிப் பாயும். முன்பெல்லாம் இதைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் பட்டைகள் கட்டினார்கள். அந்தப் பட்டைகளின் ஓரத்தில் மண்ணை இடிப்பது இன்னும் கடினம் என்பதால் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. குழாயின் வெளிமுனைப் பகுதியில் சுற்றிலும் மணல் வடிகட்டி வைத்து, அங்கு வரும் நீரைத் தனி வடிகாலில் வெளியே விடுவதுதான் இப்போதைய முறை.

கொலராடோவில் 8 மீட்டர் உயரமே இருந்த லான் ஏரி அணை 1982 ஜூலை 15 அன்று உடைந்தது. மதகுக் குழாயும் வால்வும் சேரும் இடத்தை அடைத்திருந்த ஈயம் கெட்டு, அங்கிருந்து கசிந்த நீர் மண்ணை அரித்ததே காரணம் என்று கண்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

பழுது பார்க்க இரண்டு வழி. கரையை வெட்டிக் குழாயையே மாற்றுவது ஒன்று. பழைய குழாய் நசுங்காமல் நேராக இருந்தால், அதற்குள் கெட்டிப் பாலிஎத்திலீன் குழாயைச் செருகி இடைவெளியில் சிமென்ட் குழம்பை அழுத்தி நிரப்புவது மற்றொன்று. விட்டம் 60 செ.மீ.யிலிருந்து 50 ஆகக் குறைந்தாலும், நெளிதகட்டைவிட உள்ளே வழவழப்பு அதிகம் என்பதால் நீர் போகும் அளவு பெரும்பாலும் குறையாது. ஆனால் வெளியே ஏற்கெனவே விழுந்த வெற்றிடம் தானாக நிரம்பாது. அதையும் தேடி நிரப்ப வேண்டும். புதிதாகப் போடும்போது அடைப்பான் ஏரிப்பக்க முனையில் இருக்கட்டும். வெளிமுனையில் வைத்தால் கரைக்குள் கிடக்கும் குழாய் நாள் முழுக்க அழுத்தத்தில் நிற்கும்.

கேள்வி: கரை உச்சியில் வெடிப்புகள். சில நீளவாக்கில், ஒன்று குறுக்கே. எது மோசம்?

பதில்: குறுக்கு வெடிப்பு. அது ஏரிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகும் நேர் வழி. கரையின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகம் அமுங்கினால் வரும். பாறையோ பழைய ஓடைப் படுகையோ அடியில் இருக்கும் இடங்களில் அதிகம் பார்க்கலாம். அதன் அடி நீர்மட்டத்துக்கு மேலேயே முடிகிறதா என்று தெரியும்வரை ஏரியைத் தாழ்த்தி வையுங்கள்.

நீளவாக்கு வெடிப்பில் இரு ஓரமும் ஒரே மட்டத்தில் இருந்து, கோடையில் திறந்து மழையில் மூடினால் அது பெரும்பாலும் களிமண் காய்ந்த வெடிப்பு. ஓர் ஓரம் தாழ்ந்திருந்தாலோ, வெடிப்பு வில்லாக வளைந்து இரு முனையும் சரிவை நோக்கி இறங்கினாலோ சரிவு நழுவத் தொடங்கிவிட்டது. கீழே அடிவாரத்தில் மண் பிதுங்கியிருக்கிறதா என்று உடனே போய்ப் பாருங்கள். வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் உயர வேறுபாட்டையும் நாள்தோறும் அளந்து எழுதுங்கள்.

மேலே மண் தூவி மறைப்பது வேண்டாம். ஆய்வாளர் கண்ணை மட்டும்தான் அது மறைக்கும். ஆழம் பார்க்கச் சுண்ணாம்புப் பாலை வெடிப்பில் ஊற்றிவிட்டுப் பக்கவாட்டில் தோண்டினால், வெள்ளை எங்கே முடிகிறதோ அதுவே அடி.

கேள்வி: தூர்வார ஏரியை ஒரே வாரத்தில் வற்றடிக்கலாமா?

பதில்: மட்டம் நாளொன்றுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. பழைய களிமண் கரை என்றால் 15 செ.மீ. போதும். ஏரி வேகமாக இறங்கினாலும் கரைக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வடியாது. சரிவை வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த ஏரி நீர் போய்விட்டது, உள்ளே மண் மட்டும் நீரின் கனத்தோடு நிற்கிறது. அந்த நிலையில் உள்சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். 2.5-க்கு 1 (2.5 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) என்பதைவிடச் செங்குத்தான உள்சரிவுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். 4 மீட்டர் இறக்க இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை ஒதுக்குங்கள். மறுபடி நிரப்பும்போதும் அதே நிதானம் வேண்டும். காய்ந்து வெடித்த கரையில் அவசரமாக நீர் ஏற்றினால் அது வெடிப்புகளுக்குள்தான் முதலில் பாயும்.

கேள்வி: எலி, நண்டு வளைகளை எப்படி மூடுவது?

பதில்: வாயில் மண் திணித்தால் ஒரு சாணுக்கு மேல் உள்ளே போகாது. ஒரு மீட்டர் நீளக் குழாய்த் துண்டை வளை வாயில் செங்குத்தாக நிறுத்திச் சுற்றிலும் மண் அணைத்து, 9 பங்கு மண்ணும் 1 பங்கு சிமென்ட்டும் கலந்த குழம்பைக் குழாய் நிரம்பும்வரை ஊற்றுங்கள். குழாயில் நிற்கும் குழம்பின் உயரமே அதை உள்ளே தள்ளும். பிறகு குழாயை எடுத்துவிட்டு மேலே மண்ணை இடித்துப் புல் வையுங்கள். உள்சரிவில் நீர்மட்டத்தை ஒட்டிய வளைகளை நீரை இறக்கிய பிறகுதான் சரியாக மூட முடியும். அந்த இடத்தில் கல் பாவிவிட்டால் புதிய வளைகளும் குறையும்.

கேள்வி: எங்கள் கரை 6 மீட்டர்தான். பெரிய அணைகளுக்கு உள்ள ஆய்வெல்லாம் இதற்குத் தேவையா?

பதில்: தேவையை முடிவு செய்வது கரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான். பெரும்பாலான நாடுகளில் அணையின் ஆபத்து வகுப்பு என்பது, அணை உடைந்தால் கீழே எத்தனை உயிர், எவ்வளவு சொத்து போகும் என்பதை வைத்துத் தரப்படுவது. கரை நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அந்த வகுப்புக்கும் தொடர்பில்லை. கரை கட்டியபோது கீழே வயல் மட்டும் இருந்திருக்கும். இன்று வீடுகள் வந்திருந்தால் வகுப்பு மாறிவிட்டது, கலிங்கின் கொள்ளளவையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணை ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். மின் உற்பத்தி நின்றபின் ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. 1977 நவம்பர் 6 அதிகாலை உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள்.

மாதம் ஒரு முறை, ஏரி நிரம்பும்போதெல்லாம், பெருமழைக்கு மறுநாள் என்று கரையைச் சுற்றிப் பாருங்கள். உச்சியில் மட்டும் நடந்துவிட்டு வந்தால் பார்த்ததாகாது. சரிவில் குறுக்கும் நெடுக்குமாக, அடிவாரம் முழுக்க, கலிங்கின் கால்வாய் கடைசிவரை நடக்க வேண்டும். அதற்கு முன் புல்லை வெட்டிவிடுங்கள். உச்சியின் ஒரு முனையில் நின்று ஓரக்கோட்டைக் கண்ணால் நோக்கினால் அமுங்கிய இடம் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக மட்டக் கருவியால் அளந்து வைத்தால் சந்தேகமே இராது. நடுவில் 15 செ.மீ. அமுங்கியிருந்தால், கலிங்குக் கணக்கில் அந்த 15-ஐக் கழித்துவிட வேண்டும். படங்களை எப்போதும் அதே இடங்களில் நின்று எடுங்கள்.

கேள்வி: ஒரு நாள் கசிவு திடீரென்று கலங்கி வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் போன் கீழே இருப்பவர்களுக்கும் அவசர உதவிக்கும். பொறியாளர் அதற்குப் பிறகு. இந்த எண்களும், நீர் எட்டக்கூடிய வீடுகளின் பட்டியலும், நள்ளிரவில் யார் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் முன்கூட்டியே ஒரே தாளில் எழுதி, மதகறையில் ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்து மதகைத் திறந்து நீரை இறக்குங்கள். இந்த வேளையில் 30 செ.மீ. வரம்பு பொருந்தாது. ஆனால் கலங்கல் மதகுக் குழாயை ஒட்டியே வருகிறது என்றால் அதைத் தொடாமல் பம்பு, கவிழ்குழாய் (கரைமேல் ஏறி இறங்கி நீரை இழுக்கும் சைஃபன் குழாய்) போன்றவற்றைப் பயன்படுத்துவது நல்லது. 15 செ.மீ. விட்டமுள்ள கவிழ்குழாயின் வெளிவாய் ஏரி மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே இருந்தால் விநாடிக்கு 35 முதல் 40 லிட்டர் தள்ளும். வரத்து இல்லாத நிலையில், 1 ஹெக்டேர் ஏரியை ஒரு நாளில் 30 செ.மீ. அளவுக்கு இறக்கும். பெரிய ஏரிக்குப் பல குழாய்கள் வேண்டும். வெளிவாயைச் சரிவில் விடாமல் அடிவாரத்தைத் தாண்டிக் கொண்டுபோங்கள்.

ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளால் வளையம் கட்டி, உள்ளே நீர் மட்டத்தை ஏற்றுங்கள். மண் வருவது நின்று நீர் தெளியும் உயரம் வந்ததும் அந்த மட்டத்தில் வழிய விட்டுவிடுங்கள். முழுக்க அடைக்கக் கூடாது. சரளையும் மணலும் கையிருப்பில் இருந்தால் மேலே சொன்ன வடிகட்டியைப் போடலாம். ஏரிப்பக்கம் சுழல் தெரிந்தால் அங்கே அடைக்கலாம், அடைக்க வேண்டும். மூட்டை, வைக்கோல், தார்ப்பாய் என்று கிடைத்ததைக் கரையில் நின்றபடியே தள்ளுங்கள். படகிலோ நீந்தியோ யாரும் அருகே போகக் கூடாது. நீரை வெளியேற்றுகிறேன் என்று கரையை வெட்டிவிடவும் கூடாது. வெட்டிய வாய் நீங்கள் நினைத்த அளவில் நிற்காது.

மணல், சரளை, காலி மூட்டைகள் ஏற்கெனவே கரையருகே இருந்தால்தான் இதில் எதையும் செய்ய முடியும். 5 கன மீட்டர் மணல், 5 கன மீட்டர் சரளை, 300 மூட்டை இருந்தால் சின்னக் கரைக்கு நல்ல தொடக்கம்.

கேள்வி: நடைபாதைக்காகக் கரை உச்சியில் விளக்குக் கம்பம் நட்டு மின்கம்பி புதைக்கலாமா?

பதில்: கூடாது. கம்பியைச் சுற்றிய இளகிய மண் நீருக்கு வழியாகும், கம்பத்தின் குழியும் அப்படியே. விளக்கை அடிவாரத்துக்கு 8 மீட்டர் தள்ளி நிறுத்தி அங்கிருந்து வெளிச்சம் விழச் செய்யுங்கள். இரவில் கசிவைப் பார்க்கவும் அந்த வெளிச்சம் உதவும்.